முதல் வேலைக்கு அனுப்பும் முன் நேரத்தைக் கேளுங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரத்திலிருந்து கல்லூரி திறக்கும் வரை, சேலத்தில் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கும் என்னைப் போன்ற வழக்கறிஞர்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "பையனுக்கு வயசு பதினேழுங்க. ரெண்டு மாசம் சும்மாதான் இருக்கான். எங்கேயாவது பார்ட் டைம் சேர்த்து விடலாமா? கேஸ் எதுவும் ஆகிடாதுங்களே?" இப்படி முன்கூட்டியே கேட்டு வருகிறவர்கள் குறைவு. வேலைக்குச் சேர்த்து, சம்பளம் வராமலோ கையில் அடிபட்டோ நின்ற பிறகு வருகிறவர்கள்தான் அதிகம்.

சேர்க்கலாம். 14 வயது முடிந்த பிள்ளை ஆபத்தில்லாத வேலைக்குப் போவதைச் சட்டம் தடுக்கவில்லை. சொந்த உழைப்பில் வாங்கும் முதல் சம்பளம் ஒரு பிள்ளையை எவ்வளவு நிமிர வைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் மனதாரவே சொல்கிறேன். ஆனால் பெற்றோர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது "எவ்வளவு தருவீங்க?" என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: "எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்புவீங்க?"

ஏன் என்று சொல்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு அது வளரிளம் பருவத்தினரையும், அதாவது 14 முடிந்து 18 நிறையாதவர்களையும், தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவர்களை மாலை 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதன் பிறகு ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும். ஓய்வு, காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்தே ஒரு நாளில் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் முழு லீவு. ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை பார்க்கவும் கூடாது. இவை கடை, பட்டறை, ஓட்டல், தியேட்டர், பண்ணை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இப்போது நம் ஊர் வியாபாரத்தோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். சின்னக்கடை வீதியில், பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, ஐந்து ரோட்டில், எங்கே பார்த்தாலும் கூட்டம் வருவது வெயில் தாழ்ந்த பிறகுதான். தட்டுவடை செட் கடையில் ஆள் தேவைப்படுவதே மாலையில்தான். ஜவுளிக்கடைகளில் ஆடித் தள்ளுபடியும் தீபாவளி வியாபாரமும் இரவு பத்து மணி வரை ஓடும். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தா போதும், பத்து மணிக்கு விட்டுடுவோம்" என்று கடைக்காரர் சொன்னால் பெற்றோருக்கு வசதியாகத்தான் தெரிகிறது. பள்ளி முடிந்து நேரே போய்விடலாம், படிப்பும் கெடாது என்று நினைக்கிறார்கள். அந்த ஐந்து மணி நேரத்தில் மூன்று மணி நேரம் சட்டத்துக்குப் புறம்பானது. சட்டத்தை விடுங்கள். பதினோரு மணிக்கு வீடு வந்து சாப்பிட்டுப் படுக்கும் பிள்ளை மறுநாள் முதல் பீரியடில் எப்படி உட்கார்ந்திருப்பான்?

அப்படியானால் பகுதி நேர வேலையே கிடைக்காதா என்று கேட்பார்கள். கிடைக்கும், ஆனால் பகலில் ஓடும் வேலையாகத் தேட வேண்டும். மே மாதக் கடைசியிலிருந்து பள்ளி திறக்கும் வரை நோட்டுப் புத்தகக் கடைகளிலும் யூனிஃபார்ம் கடைகளிலும் பகலிலேயே நிற்க இடமிருக்காது. பில் போட, அளவு பார்த்து எடுத்துக் கொடுக்க, அட்டை போட ஆள் வேண்டும். அதே நேரத்தில் பொறியியல், கலைக் கல்லூரி விண்ணப்பங்கள் ஆன்லைனில் போகின்றன. ஜெராக்ஸ் கடைகளும் கம்ப்யூட்டர் சென்டர்களும் தமிழும் ஆங்கிலமும் தவறில்லாமல் தட்டச்சு செய்யும் பிள்ளையைத் தேடுவார்கள். காலை 10 முதல் 1 மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், பிறகு 2 முதல் 4. சட்டம் சொல்லும் 6 மணி நேரம் இதில் சரியாக அடங்கிவிடும். பள்ளி நடக்கும் மாதங்களில் என்றால் அக்கம்பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஐந்து முதல் ஏழு வரை பாடம் சொல்லிக் கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்து நல்ல முதல் வேலை. பத்தாவது, பிளஸ் டூ படிக்கும் ஆண்டில் அதுவும் வேண்டாம், தேர்வு முடியட்டும் என்பேன்.

கல்யாண கேட்டரிங் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பையன்கள் முதலில் போகும் வேலை பெரும்பாலும் இதுதான். நண்பன் கூப்பிடுவான், வாட்ஸ்அப் குழுவில் மண்டபத்தின் பெயர் வரும், கறுப்பு பேன்ட் வெள்ளைச் சட்டையோடு போய் நிற்க வேண்டும், முடிந்ததும் கையில் பணம். ரிசப்ஷன் பந்தி முடிய இரவு பதினொன்று ஆகும். மண்டபத்திலேயே ஒரு ஓரமாகப் படுத்து, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து காலைப் பந்திக்கு இலை போட வேண்டும். 18 நிறையாத பையன் அந்த இரண்டு நேரத்திலும் அங்கே இருக்கக் கூடாது. கொதிக்கும் சாம்பார் வாளியோடு ஈரத் தரையில் ஓடுகிறவனுக்குக் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அப்படி வெந்துபோன ஒரு பையனுடைய அப்பா என்னிடம் வந்தபோது, மகனை அனுப்பிய காண்ட்ராக்டர் யார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. கையில் இருந்தது ஒரு போன் நம்பர் மட்டும், அதுவும் அணைந்து கிடந்தது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியது வேலை கொடுத்தவர்தான். ஆனால் யாரிடம் வேலை பார்த்தான் என்பதைக் காட்ட முடியாவிட்டால் அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடும்.

பெண் பிள்ளைகளை மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கவும் சந்தனம் கொடுக்கவும் அழைக்கிறார்கள். கௌரவமான வேலைதான். ஆனால் உடுப்பை யார் முடிவு செய்கிறார்கள், உடை மாற்ற இடம் எங்கே, இரவு வீட்டுக்கு யார் வண்டியில் வருவது, எடுக்கும் புகைப்படங்கள் எங்கே போகின்றன? இந்த நான்குக்கும் தெளிவான பதில் இல்லாமல் அனுப்பாதீர்கள். பதில் தெளிவாக இருந்தாலும், வயது 18 ஆகவில்லை என்றால் இரவு ரிசப்ஷனுக்கு அனுப்பக் கூடாது.

வயது நிறையாதவர்களை எந்த நேரத்திலும் அனுப்பக் கூடாத இடங்களும் இருக்கின்றன. சுரங்கம், வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள், சட்டம் ஆபத்தானது என்று வகைப்படுத்திய தொழிற்சாலை வேலைகள் எல்லாம் 18 வயது வரை முழுத் தடை. நம் ஊர் வெள்ளைக்கல் சுரங்கங்களும் பட்டாசுக் கடையும் இதில் அடக்கம். தீபாவளிக்கு முன்னால் பத்து நாள்தானே என்று பட்டாசு விற்க அனுப்புகிறார்கள், அதுவும் கூடாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் பொடி வைத்து ஊதிப் பற்ற வைப்பதும் அமிலத்தில் போட்டு எடுப்பதும் தினசரி நடப்பவை. அந்தப் புகை பிள்ளைகளின் நுரையீரலுக்கு ஆகாது. மாம்பழ சீசனில் மண்டிக்கு ஆள் எடுப்பார்கள். பழுக்க வைக்கக் கால்சியம் கார்பைடு பயன்படுத்துவது தடை செய்யப்பட்ட ஒன்று. குடோனுக்குள் அந்தக் கல்லின் வாடை வந்தாலே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு பொறி டெலிவரி வேலை. உணவு டெலிவரி செயலிகளில் சேர 18 வயது ஆக வேண்டும், அதனால் அண்ணன் பெயரில் கணக்கைத் திறந்து தம்பி ஓட்டுகிறான். மளிகைக் கடைக்காரர் தன் எக்ஸ்எல் வண்டியைக் கொடுத்து "அரிசி மூட்டையைப் போட்டுட்டு வாடா" என்கிறார். 16 வயதில் ஓட்டுநர் உரிமம் கிடைப்பது 50 சிசிக்கு உட்பட்ட கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். இப்போது கடைகளில் நிற்கும் எக்ஸ்எல் 100 அந்த வரம்புக்குள் வராது. பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. ஒரு மூட்டை அரிசிக்காக இவ்வளவு இழப்பா?

சரி, வேலை தேடுவது எப்படி? உங்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரிந்த கடைகளிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் மருந்து வாங்கும் இடம், துணி தைக்கக் கொடுக்கும் இடம், பிள்ளைக்கு நோட்டு வாங்கிய இடம். ஆனால் கேட்பது பிள்ளையாக இருக்கட்டும். அப்பா முன்னால் நின்று பேச, பையன் பின்னால் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் கடைக்காரருக்கு அவனைப் பற்றி எதுவும் தெரியாது. "அண்ணா, நான் பிளஸ் டூ முடிச்சிருக்கேன். ஜூன் கடைசி வரைக்கும் பத்து மணியில இருந்து நாலு மணி வரைக்கும் வர முடியும். கணக்கு நல்லா வரும், கம்ப்யூட்டர்ல பில் போடத் தெரியும்." இவ்வளவு போதும். வீட்டில் இரண்டு முறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் போகாமல் காலையில் கடை திறந்து அரை மணி நேரம் கழித்துப் போகச் சொல்லுங்கள். நாலைந்து இடத்தில் இல்லை என்பார்கள். அதைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லி இறங்கி வருவதும் பழக வேண்டிய ஒன்றுதான்.

வேலை உறுதியான பிறகு ஒரு முறை நீங்கள் போங்கள். கடையைப் பாருங்கள். கழிப்பறை இருக்கிறதா, பெண் பிள்ளை என்றால் கூட வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்களா, பிள்ளை யாருடைய பார்வையில் வேலை செய்யப் போகிறது என்று கேளுங்கள். உட்கார நாற்காலி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-லேயே சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. அதன் பிறகு தினமும் போய் எட்டிப் பார்க்காதீர்கள், அது அவனுடைய வேலை.

பேசியதை எழுத்தில் வாங்குவதுதான் பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. "தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்குறதா?" என்பார்கள். பத்திரம் வேண்டாம். அன்று மாலையே கடைக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும்: "வணக்கம் அண்ணா. நீங்க சொன்னபடி திங்கட்கிழமையிலிருந்து பத்து மணிக்கு வர்றேன். நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். ஞாயிறு லீவு. சம்பளம் மாசம் இவ்வளவு, அஞ்சாம் தேதி தர்றதா சொன்னீங்க." அவர் "சரிப்பா" என்று பதில் போட்டுவிட்டால் நாளைக்குத் தகராறு வரும்போது என் போன்றவர்களுக்கு அது பெரிய ஆதாரம். வயதுச் சான்றின் நகலைக் கொடுங்கள். மதிப்பெண் பட்டியலின் அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். "ஆறு மாசம் நிக்கணும், இல்லன்னா அட்வான்ஸ் திருப்பித் தரணும்" என்று பிள்ளையிடம் கையெழுத்து வாங்கினால் பயப்படவும் வேண்டாம், 18 வயது ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கையெழுத்துப் போடாமல் இருப்பதே நல்லது.

சம்பளத்தைப் பிள்ளையின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். 10 வயது நிறைந்தவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே திறந்து நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் அறிவுறுத்தியிருக்கிறது. எவ்வளவு வரை என்ற வரம்பை அந்தந்த வங்கி வைக்கும். கணக்கு வந்ததும் ஒரு எச்சரிக்கையும் கூடவே வர வேண்டும். "உன் அக்கவுண்ட்ல கொஞ்சம் பணம் வரும், எடுத்துக் கொடுத்தா கமிஷன்" என்று இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் சிறுவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். அது யாரோ ஏமாந்த பணம். காவல்துறை முதலில் வந்து நிற்பது அந்தக் கணக்கு வைத்திருக்கும் பிள்ளையின் வீட்டு வாசலில்தான். வீட்டிலிருந்தபடி வீடியோவுக்கு லைக் போடும் வேலை, சேர முன்பணம் கட்டும் வேலை எல்லாமே மோசடி. வேலை கொடுப்பவர் பணம் தருவார், கேட்க மாட்டார். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

ஏற்காட்டுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏரிப் பக்கக் கடைகளிலும் தங்கும் விடுதிகளிலும் ஆள் பஞ்சம், மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வேலை எளிதில் கிடைக்கும். "கடைசி பஸ் போயிடுச்சு, இங்கேயே தங்கிக்கோ" என்பதுதான் அங்கே பிரச்சினை. வேலை செய்யும் இடத்தில் பிள்ளை இரவு தங்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பு நவம்பர், டிசம்பரில் மும்முரமாக இருக்கும். அது அரையாண்டுத் தேர்வு நேரம். அம்மாவோடு போகும் பிள்ளை பறித்ததும் அம்மாவின் எடையில் சேர்ந்துவிடும், பிள்ளையின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. 14 நிறையாத பிள்ளையைத் தோட்ட வேலைக்கு எடுப்பது குற்றம். வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறையோ 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எந்த வேலையிலும் யாராவது அடித்தால், தொட்டால், தகாத செய்தி அனுப்பினால் அன்றே வேலையை விட்டு வரச் சொல்லுங்கள். அந்த மாதச் சம்பளத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பிள்ளையே அழைக்கலாம். சாதாரணமாக நிற்பதென்றால் ஒரு வாரம் முன்பே கடைக்காரரிடம் சொல்லி, பாக்கியைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டு, "மே, ஜூன் இரண்டு மாதம் இங்கே வேலை செய்தார்" என்று கடையின் லெட்டர் பேடில் இரண்டு வரி எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள். அடுத்த லீவில் வேறு இடத்தில் வேலை கேட்கப் போகும்போது அந்தத் தாள் கையில் இருக்கட்டும்.