அறவிட்டது தெரிந்தது, வந்தது தெரியவில்லை

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பல வருடங்களாக வருமானவரிப் படிவம் செய்து கொடுக்கிறேன். 2019 முதல் 2025 வரை என் மேசைக்கு முன்னால் அதிகம் திட்டு வாங்கியது காபன் வரிதான்: பெற்றோல், காஸ் போன்ற எரிபொருளுக்கு அரசாங்கம் அறவிட்டு, பெரும்பகுதியைக் குடும்பங்களுக்கே தள்ளுபடியாகத் திருப்பிக் கொடுத்த வரி.

2024இல் வந்த ஒரு அண்ணை, தொழிற்சாலை வேலை, இரண்டு பிள்ளைகள். “தம்பி, பெற்றோல் லீற்றருக்குப் பதினேழு சதத்துக்கு மேலே எடுக்கிறாங்கள், ஒரு சதமாவது திருப்பித் தந்தவங்களோ?” என்று கேட்டார். கணினியைத் திருப்பிக் காட்டினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 280 டொலர், வருடத்துக்கு 1,120. அது மனைவியின் கணக்குக்குப் போயிருந்தது, ஏனென்றால் கணவன் மனைவியில் யாருடைய படிவம் முதலில் மதிப்பிடப்பட்டதோ அவருக்கே முழுத்தொகையும் போனது. அக்காவோ அதைப் பிள்ளைகளுக்கான கொடுப்பனவு என்று நினைத்திருந்தா.

சரி, கணக்குப் பார்ப்போம் என்று இருவருமாகப் போட்டோம். வருடத்துக்கு 2,000 லீற்றர் பெற்றோல், லீற்றருக்கு 17.6 சதம்: 352 டொலர். வீடு சூடாக்க 2,000 கனமீற்றர் காஸ், 15.25 சதப்படி 305 டொலர். இதற்கு மேல் விற்பனை வரி 13 சதவீதம். எல்லாமாக 742 டொலர். சாமான் விலையில் ஏறியது இதில் இல்லை, அதையும் அவரிடம் சொன்னேன்.

பிழை மக்களுடையது என்று நான் நினைக்கவில்லை. காஸ் பில்லில் இந்த வரி தனியாக அச்சாகி வந்தது. திரும்பி வந்த பணமோ முதல் சில வருடம் வரிப் படிவத்துக்குள் ஒரு எண்ணாகக் கிடந்தது, 2022 ஜூலைக்குப் பிறகுதான் வங்கிக்கு வந்தது, அதுவும் வங்கிக்கு வங்கி வேறு வேறு பெயரில். ‘கனடா காபன் தள்ளுபடி’ என்று புரியும் பெயர் வைத்தது 2024இல். அதற்குள் பலர் முடிவெடுத்துவிட்டார்கள். சுவிஸில் இப்படியான வரிப் பணத்தை மருத்துவக் காப்புறுதிக் கட்டணத்தில் கழித்துக்கொடுக்கிறார்கள், அங்கேயும் நிறையப் பேருக்கு அது தெரியாது.

அப்புறம் 2023 ஒக்ரோபரில் வீடு சூடாக்கும் எண்ணெய்க்கு மட்டும் இந்த வரியிலிருந்து விலக்கு அறிவித்தார்கள். காஸ் பாவிக்கும் எங்கள் ஆட்கள் “அப்ப நாங்கள்?” என்று கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. நியாயம் போய்விட்டது என்று ஒருவருக்குத் தோன்றிய பிறகு எந்தக் கணக்கும் எடுபடாது.

2025 ஏப்ரல் 1 முதல் அந்த வரி இல்லை. கடைசித் தள்ளுபடியும் அந்த மாதமே வந்து முடிந்தது. ஜூலையில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது: “அந்த 280 ஏன் இன்னும் வரவில்லை?”