32 சர்வர்களும் ஒரு நேர வலயமும்

பல சர்வர்களின் அமைப்புகளை ஒரே சீராக வைத்திருக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, வரைகலைத் திரை, வலைப்பக்கம், எழுத்தில் கட்டளைகளைத் தட்டி இயக்கும் கட்டளை வரி ஆகிய மூன்றில் எது எளிது என்றே பலரும் கேட்கின்றனர். அந்த வேலையை யார் செய்யப் போகிறார்கள், எத்தனை முறை செய்யப் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

பினாங்கு, பாயான் லெப்பாஸில் நான் முன்பு பணியாற்றிய ஒரு தொழிற்சாலையில், 32 சர்வர்களின் நேர வலயத்தை ‘ஆசியா/கோலாலம்பூர்’ என மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றின் அமைப்புத் திரையையும் திறந்து, பட்டியலில் ஊரைத் தேர்ந்து, சேமித்து மூடினேன். ஒன்று விடுபட்டு, உலகப் பொது நேரத்திலேயே இருந்துவிட்டது. மலேசிய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னே இருப்பதால், அதிகாலை 2 மணிக்கு நின்ற இயந்திரம், அந்தச் சர்வரின் பதிவில் முந்தைய நாள் மாலை 6 மணிக்கு நின்றதாகக் காட்டியது. மாலைப் பணியாளர்கள், தாங்கள் செய்யாத தவற்றுக்கு விளக்கம் சொல்ல நேர்ந்தது. நான் எந்தத் திரையில் எதைச் சொடுக்கினேன் என்பதற்கு எங்கும் தடயம் இல்லை.

கட்டளை வரியின் வலிமை இங்கேதான் தெரிகிறது. 1993இல் மார்க் பர்ஜஸ் உருவாக்கிய சிஎஃப்எஞ்சினும், 2012இல் வெளிவந்த அன்சிபிளும் கட்டளை வரியில் இயங்கும் மென்பொருள்கள். இவை, சர்வர் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒரு கோப்பில் எழுதச் சொல்கின்றன. அன்சிபிள், தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக ஒவ்வொரு சர்வருக்குள்ளும் சென்று, இருக்கும் நிலையை எழுதிய நிலையுடன் ஒப்பிட்டு, வேறுபட்டதை மட்டும் திருத்துகிறது. அதே கோப்பை இரண்டாம் முறை ஓட்டினால், மாற்றங்களின் எண்ணிக்கை 0 என்று வர வேண்டும். ஒரு சர்வரில் மட்டும் 1 என்று வந்தால், இடையில் யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ‘செக்’ என்ற தெரிவைச் சேர்த்தால், எதையும் மாற்றாமல், என்ன மாறும் என்பதை மட்டும் சொல்லும். ஆயினும் சர்வரில் நேரடியாகத் தட்டுவது போன்ற ஷெல் கட்டளைகளை அது பெரும்பாலும் ஓட்டாமல் தாண்டிவிடுவதால், அதை முழுமையாக நம்பிவிடக் கூடாது.

வரைகலைத் திரையை நான் ஒதுக்கவில்லை. இரண்டு கோப்புகளை அருகருகே வைத்து, மாறிய வரிகளை வண்ணத்தில் பார்ப்பதற்கு அதற்கு ஈடில்லை.

வலைப்பக்கத்தின் பயன் அனுமதியில் இருக்கிறது. அன்சிபிளுக்கான ஏடபிள்யூஎக்ஸ் என்ற வலை இடைமுகத்தில், இரவுப் பணித் தொழில்நுட்பருக்குக் குறிப்பிட்ட ஒரே ஒரு வேலையை ஓட்டும் உரிமையை மட்டும் கொடுக்கலாம். சர்வரின் கடவுச்சொல்லை அவர் பார்க்க வேண்டியதில்லை, யார் எப்போது ஓட்டினார் என்பதும் பதிவாகிவிடும். ஆனால் அந்த வலைப்பக்கமும் ஒரு சர்வரில்தான் ஓடுகிறது. அதுவே படுத்துவிட்டால், எழுத்துகளை மட்டுமே கடத்தும் எஸ்எஸ்எச், கைப்பேசியின் மெதுவான இணைப்பிலும் உள்ளே அழைத்துச் செல்லும். அதனால் வேலைகள் அனைத்தையும் கோப்புகளாகவே எழுதி, பகலில் வலைப்பக்கம் ஓட்டும் அதே கோப்பைத் தேவைப்படும் இரவில் கையாலும் ஓட்டும்படி வைத்திருக்கிறேன்.