ஒரே முட்டை, மூன்று சிப்பாய்

பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஸ்டார் வார்ஸில் குளோன் படை முழுக்க ஜாங்கோ ஃபெட் என்கிற ஒரே ஆளின் நகல்தானே? அப்புறம் எப்படி சார் அதில் இத்தனை ரகம்?"

படத்தில் ரகம் பிரிப்பது பெரும்பாலும் உடுப்புதான். 2002-ல் வந்த 'அட்டாக் ஆஃப் த குளோன்ஸ்' படத்தில் வெள்ளைக் கவசத்தின் மேல் பச்சை இருந்தால் சார்ஜென்ட், நீலம் லெப்டினன்ட், சிவப்பு கேப்டன், மஞ்சள் கமாண்டர். பிறகு வரும் பேரரசுப் படையும் அப்படியே. பனி மூடிய ஹாத் கிரகத்துக்குக் குளிர் தாங்கும் கவசம், எண்டார் காட்டுக்குப் பறக்கும் வண்டி. கவசத்தைக் கழற்றினால் ரகமும் போய்விடும்.

உடம்பே வேறு வேறாக வேண்டுமென்றால்? அதற்கும் மரபணுவைத் தொட வேண்டியதில்லை. எறும்பு அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் கொல்லைப் படியில் சிந்திய சோற்றுப் பருக்கையை நேற்று முப்பது நாற்பது பொடி எறும்புகள் மொய்த்தன. நடுவே ஒன்றுக்கு மட்டும் உடம்பை மீறிய தலை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்மண்டை நடுவில் பள்ளம் விழுந்து இரண்டு மேடாகத் தெரிகிறது. உள்ளே நிறைந்திருப்பது தாடைத் தசை. ஃபைடோலே என்ற பேரினம் இது. உலகெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். பொடிசும் பெருந்தலையும் அக்கா தங்கைதான்.

புழுப் பருவத்தின் கடைசியில் நல்ல தீனி கிடைத்த புழுவுக்கு இளம்பருவ ஹார்மோன் ஏறும். ஓர் அளவைத் தாண்டினால் அது சிப்பாய், அதாவது அந்தப் பெருந்தலை.

எனக்குத் தூக்கம் போனது இதற்கு அடுத்த கட்டத்தைப் படித்தபோது. சிப்பாய் ஆகப்போகும் புழுவின் உடலில் மட்டும் இறக்கை முளை ஒன்று பெருக்கிறது. சிப்பாய்க்கு இறக்கையே கிடையாது! பின் எதற்கு? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் எஹாப் அபூஹெய்ஃப் குழுவினர் அந்த முளையில் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார்கள். தலை சிறுத்தது, உடம்பும் சிறுத்தது. பறக்க உதவாத அந்த மிச்சம்தான் தலையைப் பெருக்க வைக்கிறது என்று 2018-ல் எழுதினார்கள். புற்றில் சிப்பாய்கள் அதிகமானால், அவற்றிடமிருந்து வரும் வேதிப்பொருள் புழுக்களில் இந்த முளையையே அடக்கிவிடும். ஆள்கணக்கு பார்க்கத் தளபதி யாரும் இல்லை.

1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் இந்தியர்களைப் போர்க்குடி, மற்றவர் என்று பிரித்துப் பட்டாளத்துக்கு ஆளெடுத்தார்கள். வீரம் ரத்தத்தில் ஊறியது என்று இன்றும் மேடையில் முழங்குகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. எறும்பில்கூட இதைத் தீர்மானிப்பதில் தீனிக்கு அவ்வளவு பங்கு இருக்கிறது.

மூன்றாவது ரகமும் உண்டு. அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவிலும் உள்ள எட்டு ஃபைடோலே இனங்களில், சிப்பாயைவிடவும் தலை பெருத்த மகாசிப்பாய்கள் இருக்கின்றன. படையெறும்பு தாக்க வந்தால், இவற்றில் ஓர் இனம் அந்தப் பூதாகாரத் தலையாலேயே புற்று வாசலை அடைத்துவிடும். இந்த ரகமே இல்லாத மோரிசி என்ற இனத்தின் புற்று ஒன்றில், நியூயார்க் அருகே லாங் ஐலண்டில், இதேபோல் தலை பெருத்த எறும்புகள் அபூஹெய்ஃப் கண்ணில் பட்டன. அதன் புழுக்கள்மேல் ஹார்மோனைப் போன்ற மெத்தோப்ரீனைத் தடவினார்கள். 2012-ல் வெளியான முடிவு: மகாசிப்பாய்கள் பிறந்தன. மூதாதை எறும்பிடமிருந்து வந்த அந்தத் தலை, லட்சக்கணக்கான தலைமுறைகளாக உள்ளே மறைந்தே இருந்திருக்கிறது.