போனை உடைச்சாச்சு, சரி. சட்டைப்பைக்குள் இருக்கிறது என்ன?

வன்னியில் காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வரும் நேரமும் ஐபிஎல் தொடங்கும் நேரமும் ஒன்றாகவே வந்து தொலைக்கின்றன. உளவளத்துணை வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போகும் என்று தெரியும். தோட்டைக் காணவில்லை, சுவிசில் இருந்து பெரியம்மா ரியூசனுக்கு அனுப்பிய காசைக் காணவில்லை, பெடியன் சாப்பிடுகிறானில்லை, இரவு இரண்டு மணிக்கும் போன் வெளிச்சம். போனில் காசு வைத்துச் சூதாடும் பிள்ளைகளின் கதை மாறாது. ஆள்தான் மாறும்.

கடைசியாக வந்தது விசுவமடுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. (ஆளைத் தெரியாதபடி சிலதை மாற்றித்தான் எழுதுகிறேன்.) சாதாரண தரப் பரீட்சை எழுத இருக்கிற பெடியன். திரையில் விமானம் ஏற ஏறப் பந்தயக் காசு பெருகும், அது பறந்து மறைவதற்குள் காசை எடுத்துவிட வேண்டும், அந்த விளையாட்டு. கணக்குத் திறந்தது தகப்பனின் அடையாள அட்டையில். ஓடிபி வந்தது தாயின் போனுக்கு. தகப்பன் கதிரையில் இருக்கக்கூட இல்லை. "போனைச் சுவரில அடிச்சு உடைச்சுப்போட்டன் மிஸ். இனிப் பிரச்சினை இல்லைத்தானே?" என்றார். அவருடைய வெள்ளைச் சேட்டுப் பைக்குள் நாலாக மடித்த லொத்தர் சீட்டுகள். துணிக்கு மேலாலேயே அவற்றின் நிறம் தெரிந்தது.

பெடியனைத் தனியாக இருத்திக் கதைத்தபோது, இவ்வளவு போன பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "விட்டதை எடுக்காமல் எப்பிடி மிஸ் எழும்புறது? அப்பாவும் எழும்ப மாட்டாரே."

இனி நான் எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காத விஷயத்துக்கு வருகிறேன். "போனால கெட்டுப்போனான்", "கூட்டாளியள் பழக்கிப்போட்டாங்கள்." இந்த இரண்டையும் சொல்லாத பெற்றோரை நான் இன்னும் பார்க்கவில்லை. போனுக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. முன்னர் காசு வைத்து விளையாட ஆள் சேர வேண்டும், இடம் வேண்டும், நேரம் வேண்டும். இப்போது போர்வைக்குள் கிடந்தே எல்லாம் முடிகிறது. ஆனால் அதே வகுப்பில் அதே போனை வைத்திருக்கிற மற்றப் பிள்ளைகள் ஒரு தடவை நூறு ரூபாயை விட்டுவிட்டு, சீ என்று அந்தச் செயலியை அழித்துவிடுகிறார்கள். இவன் ஏன் அழிக்கவில்லை? எப்படி விளையாடுவது என்பதைக் கூட்டாளி காட்டியிருப்பான். தோற்றால் என்ன செய்வது என்பதை அவன் வீட்டில்தான் பார்த்திருக்கிறான். வாளியை உடைத்தால் கிணறு வற்றாது, அப்பா.

வீட்டில் யாரும் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திச் சூது சொல்லிக் கொடுப்பதில்லை. நடப்பது வேறு. "என்ரை மகன்ரை கை ராசியான கை" என்று சீட்டை அவனைக் கொண்டு எடுப்பிக்கிறோம். லக்ன வாசனா லொத்தரில் பிள்ளையின் லக்கினம் பார்த்து வாங்குகிறோம். அவன் பிறந்த திகதியில் இலக்கம் தேடுகிறோம். வாய்க்கால் மதகடியில் காசு வைத்துக் கடதாசி விளையாடிவிட்டு வரும்போது ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்து, "அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்கிறோம். மாட்டுவண்டிச் சவாரிக்குக் கூட்டிக்கொண்டு போய், எந்தச் சோடிக்குக் கட்டலாம் என்று அவனிடமே கேட்கிறோம். வென்ற நாளில் வீட்டுக்குக் கோழி வரும், கதை ஊருக்கெல்லாம் போகும். தோற்ற நாளில் ஒரு சத்தமும் இல்லை, அம்மாவின் முகம் மட்டும் கறுத்திருக்கும். வளரும் பிள்ளையின் கணக்கில் வெற்றி மட்டுமே பதிகிறது. பதினாறு வயதில் அவன் அந்தக் கணக்கை நம்பித்தான் தோட்டை அடகு வைக்கிறான்.

"லொத்தர் சூதில்லை மிஸ், அரசாங்கமே விக்குது." இதையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஓம், தேசிய லொத்தர் சபை 1963 முதல் இருக்கிறது. சாராயமும் அரசாங்க அனுமதியோடுதான் விற்கிறது. சட்டம் விட்டிருக்கிறது என்பதும் பிள்ளை பார்த்துப் பழகலாம் என்பதும் வேறு வேறு. கனடாவில் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நத்தார் காலத்தில் பெற்றோரிடம் கேட்பதே, பிள்ளைகளுக்கு லொத்தர் சீட்டைப் பரிசாகக் கொடுக்காதீர்கள் என்றுதான். எப்போதாவது ஒரு சீட்டு வாங்கும் ஆளோடு எனக்குச் சண்டை இல்லை. 304 கடதாசி விளையாட்டு மீதும் கோபமில்லை. நல்ல மூளை விளையாட்டு, காசில்லாமல் விளையாடினால் நானும் வந்து இருப்பேன். தினமும் வாங்கி, விட்டதைப் பிடிக்க இன்னும் வாங்கி, அதைப் பிள்ளையின் கையால் செய்விப்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் துறையில் இது வெறும் கெட்ட பழக்கமாகப் பார்க்கப்படுவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 இல் சூதாட்ட நோயை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடும் அப்படித்தான். 2024 ஒக்டோபரில் வந்த லான்செட் பொதுச் சுகாதார ஆணைக்குழுவின் அறிக்கை, இணையக் கசினோ, சுழல் இயந்திர விளையாட்டுகளில் இறங்கும் பதின்ம வயதினரில் 26.4 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகிறது. நாலில் ஒன்றுக்கும் மேல். பரம்பரைக்கும் பங்குண்டு என்று இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. அதைச் சொன்னால் உடனே "அப்ப எங்கடை ரத்தத்திலை இருக்கு, என்ன செய்யிறது" என்று எழும்பிப் போகிறார்கள். இருங்கள். ரத்தத்தில் இருந்தால் வீட்டில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

தகப்பன்மாரைத் திட்டுவதற்கு மட்டும் இதை எழுதவில்லை. 2009 இல் வீடு, மாடு, உழவு இயந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, திரும்பக் குடியேறி, கடன் எடுத்து விதைத்து, வெள்ளத்தில் விட்ட ஒருவருக்கு, ஒரே இரவில் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் ஏன் இனிக்கிறது என்று எனக்கு விளங்கும். தாய்மாரும் விதிவிலக்கில்லை, நுண்கடன் கட்டும் நாளுக்கு முதல் நாள் சீட்டு வாங்கும் அக்காமாரை எனக்குத் தெரியும். விளங்குகிறது என்பதற்காகப் பேசாமல் இருக்க முடியாது.

பிள்ளையிடம் கேட்பதற்கு முன்னர் உங்களிடமே இரண்டு கேள்வி கேளுங்கள். நாங்கள் முதல் கட்டத்தில் பயன்படுத்துகிற கேள்விகள்தான். வரவரக் கூடுதலான காசு வைத்து விளையாட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு விளையாடினீர்கள் என்பதை வீட்டாரிடம் பொய் சொல்லி மறைக்க வேண்டி வந்ததா? ஒன்றுக்கு ஓம் என்றாலே வந்து கதையுங்கள்.

பிள்ளையைச் சீட்டு வாங்க அனுப்பாதீர்கள். அவன் கை, அவன் லக்கினம், அவன் பிறந்த திகதி எதையும் இதற்குள் இழுக்காதீர்கள். அடையாள அட்டையையும் வங்கி அட்டையையும் மேசையில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போகாதீர்கள். ஓடிபி கேட்டால், எதற்கு என்று தெரியாமல் வாசித்துச் சொல்லாதீர்கள் அம்மா. ஒளித்து விளையாடுவதும் தீர்வில்லை. அதையும் கண்டுபிடித்து, ஒளிக்கவும் பழகுவான். நீங்கள் விட்ட காசைப் பற்றி ஒரு நாள் வாய் திறந்து சொல்லுங்கள். எவ்வளவு போனது, எதை விற்றீர்கள், அம்மா எப்படி அழுதா என்று. மரியாதை குறையாது.

அடிக்காதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிடிபட்ட நாளும் அடுத்து வரும் சில நாட்களும்தான் ஆபத்தானவை. கடனும் வெட்கமும் சேர்ந்த பிள்ளை உயிரை மாய்க்க நினைக்கலாம். "சாகவேணும் போல இருக்கோ?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வயலுக்கு அடிக்கும் மருந்துகளை உடனே பூட்டி வையுங்கள். பயமாக இருந்தால் தேசிய உளநல உதவி எண் 1926 க்கு எடுங்கள், அல்லது தாமதிக்காமல் மாவட்ட வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள்.

கடனைப் பொறுத்தவரை, யாருக்கு எவ்வளவு என்று அவனோடு இருந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். நீங்களே கொண்டுபோய்க் கட்டுங்கள், காசை அவன் கையில் கொடுக்க வேண்டாம். அந்தக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு உளநலப் பிரிவுக்கு வாருங்கள், காசு எதுவும் கட்டத் தேவையில்லை. தகப்பனும் வர வேண்டும். "அவர் வரமாட்டார் மிஸ்" என்று சொல்லும் அம்மாமாருக்கு: சரி, அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களும் பிள்ளையுமாக வாருங்கள். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அப்புறம் பார்ப்போம்.