பனை சாயவில்லை

ஒரு பிப்ரவரிக் காலையில் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தின் கரையில் நின்று, கூட்டுக்குக் குச்சி சுமந்து பறந்த சங்குவளை நாரை ஒன்றை 600 மி.மீ. டெலிபோட்டோ லென்ஸால் தொடர்ந்து படம்பிடித்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், நாரையின் கண்ணும் அலகிலிருந்த குச்சியும் அத்தனை துல்லியம். மறுகரைப் பனைகள்தான் புயலில் சிக்கியவை போல ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அன்று ஓலை அசையும் காற்றுகூட இல்லை.

அந்த ஊரில் நாரைகள் வீட்டோரத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. தலைக்கு மேலே குஞ்சுகள் இருக்கும்போது 'சடசட' என்று ஷட்டரை இயக்க எனக்கு மனம் வராது. மிரர்லெஸ் கேமராவில் மேலும் கீழும் அடிக்கும் கண்ணாடி இல்லை. மெக்கானிக்கல் ஷட்டரையும் நிறுத்திவிட்டு, ஒளி சேர்ப்பதைச் சென்சாரே மின்னணு முறையில் தொடங்கி முடிக்கும்படி வைக்கலாம். இதுதான் எலக்ட்ரானிக் ஷட்டர். சத்தமே வராது. அப்படித்தான் வைத்திருந்தேன், பனைகள் சாய்ந்ததும் அதனால்தான்.

45 மெகாபிக்சல் சென்சாரில் ஏறத்தாழ 5,500 கிடைவரிகள் உண்டு. சேர்ந்த ஒளியை எண்ணாக மாற்றும் சுற்றுகள் எல்லா வரிகளுக்கும் பொது. ஆகவே வரிகள் ஒவ்வொன்றாக முறை வைத்துத்தான் படிக்கப்படுகின்றன. ஓடும் தேரை ஓர் ஓவியர் கலசத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி வரைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சக்கரத்துக்கு வருவதற்குள் தேர் நகர்ந்திருக்கும்.

நான் ஷட்டர் வேகத்தை 1/2500 வினாடி என்று வைத்திருந்தேன். ஒவ்வொரு வரியும் அவ்வளவு நேரமே ஒளி வாங்கியது. அதனால் படத்தில் கலங்கல் இல்லை. ஆனால் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் இடையே கழியும் நேரம் வேறு. அடுக்குச் சென்சார் (அடியிலேயே நினைவகமும் சுற்றுகளும் அடுக்கப்பட்டு, வரிகளை வேகமாகப் படிப்பது) இல்லாத இத்தகைய கேமராக்கள் பலவற்றில் அது 1/20 வினாடியை நெருங்கும். ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் அது குறையாது. இரண்டையும் ஒன்றென்று எண்ணித்தான் நான் ஏமாந்தேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாரை 50 மீட்டர் தொலைவில் வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறந்தால், அதைத் தொடர கேமராவை வினாடிக்குச் சுமார் 11.5 டிகிரி திருப்ப வேண்டும். 1/20 வினாடியில் அது அரை டிகிரிக்குச் சற்று அதிகம். முழுச்சட்டக (36 × 24 மி.மீ. சென்சார் கொண்ட) கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் பார்ப்பதே மூன்றரை டிகிரிதான். ஆக, மேல் வரி படிக்கப்பட்ட பிறகு கீழ் வரி வருவதற்குள் பின்னணி படத்தின் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு நகர்ந்துவிடுகிறது. பனை 14 டிகிரி சாய்கிறது. இதே வேகத்தில் 50 மி.மீ. லென்ஸைத் திருப்பினால் சாய்வு கண்ணுக்கே தெரியாது. தொலைவிலுள்ள பறவையை அருகே கொண்டுவரும் லென்ஸ் இந்தப் பிழையையும் சேர்த்தே பெரிதாக்குகிறது.

நாரை சட்டகத்துக்குள் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்ததால் அதன் உடல் சாயவில்லை. சிறகின் கதை வேறு. அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி போன்ற பறவைகளில், சிறகின் அடியும் நுனியும் வெவ்வேறு கணங்களில் பதிவாகி, எலும்பே இல்லாததுபோல் வளைந்து தெரியும். பறவை சட்டகத்தை எவ்வளவு நிறைக்கிறதோ அவ்வளவு வளைவு. அருகில் கிடைத்த அரிய படமே அதிகம் கெடும் என்பதுதான் என்னை வருத்துகிறது.

மெக்கானிக்கல் ஷட்டரின் திரைகளும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுபவைதான். ஆனால் சுமார் 1/250 வினாடியில் கடந்துவிடுவதால் பனையின் சாய்வு ஒரு டிகிரியோடு நிற்கும். 2017இல் வந்த சோனி ஏ9, சென்சாருக்கு அடியிலேயே நினைவகத்தையும் சுற்றுகளையும் அடுக்கி, படிக்கும் வேகத்தைப் பல மடங்கு கூட்டியது. 2021இல் வந்த நிக்கான் இசட்9 கேமராவில் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிவுசெய்கிறது. ஆனால் அதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கு உணர்திறனைக் குறிக்கும் எண்) 250இல்தான் தொடங்குகிறது, ஒளியையும் நிழலையும் ஒருங்கே தாங்கும் திறன் சற்றுக் குறைவு. விடியற்கால மங்கலில் படமெடுக்கும் எனக்கு அடுக்குச் சென்சாரே போதும் என்று தோன்றுகிறது. அது கையில் இல்லாதவரை, கூட்டருகே அமர்ந்த பறவைக்கு எலக்ட்ரானிக் ஷட்டர். கூட்டை விட்டு விலகிக் கரைக்குப் போனபின் பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல்.

உங்கள் கேமரா எப்படி என்று அறியக் குளத்துக்குப் போக வேண்டாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/2500 வைத்து, சுழலும் மின்விசிறியைச் சட்டகம் நிறையப் படமெடுங்கள். அதன் இறக்கைகள் அரிவாளாக வளைந்திருந்தால், மீன்கொத்தியின் சிறகும் அப்படித்தான் வரும்.