பதவியில் இல்லாதவரைப் பதவி நீக்குவது எப்படி? ‘இம்பீச்மென்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

பிரிட்டன் வரலாறு பற்றி நண்பர் ஒருவர் மொழிபெயர்த்த நூலின் மெய்ப்பைச் சென்ற மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். “யூட்ரெக்ட் உடன்படிக்கையில் இழைத்த துரோகத்துக்காக ஆக்ஸ்ஃபர்டு பிரபு 1715இல் நாடாளுமன்றத்தால் பதவி நீக்கம் செய்யப்பட்டு, 1717இல் விடுதலையானார்” என்று ஒரு வாக்கியம் வந்தது. (பிரான்சுடன் நடந்த போரை முடிக்க 1713இல் செய்துகொண்ட சமாதானம்தான் யூட்ரெக்ட் உடன்படிக்கை.) பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். ராபர்ட் ஹார்லி என்ற அந்தப் பிரபுவை, ஆன் அரசி தாம் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பு, 1714 ஜூலையிலேயே கருவூலத் தலைவர் பதவியிலிருந்து விலக்கிவிட்டார். அப்படியிருக்க, மறு ஆண்டில் நாடாளுமன்றம் அவரை எந்தப் பதவியிலிருந்து நீக்கியிருக்க முடியும்? பதவி போனவர் பிறகு எதிலிருந்து விடுதலையானார்?

மூலத்தில் இருந்த சொல் ‘இம்பீச்மென்ட்’. நாடாளுமன்றமே ஒருவர் மீது குற்றம் சாட்டி விசாரிக்கும் முறை அது. அதைக் கண்டாலே ‘பதவி நீக்கம்’ என்று கைபோன போக்கில் எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இலத்தீனில் ‘பெஸ்’ என்றால் கால், ‘பெடிகா’ என்றால் காலில் பூட்டும் தளை, ‘இம்பெடிகாரே’ என்றால் தளையிடுதல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது தடுத்தலைக் குறித்தது. பின்னர் குற்றம் சாட்டுதலைக் குறித்தது. தாக்குதல் என்று பொருள்படும் வேறோர் இலத்தீன் சொல்லோடு ஏற்பட்ட குழப்பமும் இந்த மாற்றத்துக்குத் துணைபோயிருக்கிறது. வந்த வழியில் எங்குமே நீக்குதல் என்ற பொருள் இல்லை.

நடைமுறையிலும் இல்லை. 1376இல் லாட்டிமர் பிரபுவின் மீது தொடுக்கப்பட்ட வழக்கை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை முழுவதும் ஒரே வாதியாக நின்று குற்றம் சாட்டும். மேலவையான பிரபுக்கள் சபை நீதிமன்றமாக அமர்ந்து விசாரித்துத் தீர்ப்பளிக்கும். பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு வழக்கொழிந்து கிடந்த இந்த முறை 1621இல் மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாண்டு கையூட்டு வழக்கில் சிக்கிய பிரான்சிஸ் பேக்கனுக்கு 40,000 பவுன் அபராதம், லண்டன் கோபுரச் சிறை, இனி எந்தப் பதவியும் வகிக்கக் கூடாது என்ற தடை எல்லாம் சேர்ந்தே விதிக்கப்பட்டன. பதவி பறிபோவது தண்டனைகளுள் ஒன்றாக இருக்கலாமே ஒழிய, வழக்கின் பெயராகிவிடாது. கொலை வழக்கைத் ‘தூக்குத் தண்டனை’ என்று யாரும் அழைப்பதில்லை அல்லவா?

ஒரு சொல்லின் பொருள் சரியா என்று பார்க்க அதை ஆள் பேசிய இடத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல வழி. 1715 ஜூன் 10 அன்று, யூட்ரெக்ட் சமாதானப் பேச்சுவார்த்தையின் கடிதங்களையெல்லாம் துருவிப் பார்த்த இரகசியக் குழுவின் தலைவரான ராபர்ட் வால்போல், காமன்ஸ் சபையில் எழுந்து, ஆக்ஸ்ஃபர்டின் அமைச்சரவையில் இருந்த பாலிங்புரோக் பிரபுவின் மீது குற்றம் சாட்டினார். அடுத்து எழுந்தவர் கானிங்ஸ்பி பிரபு. அயர்லாந்துப் பிரபு என்பதால் அவருக்குக் காமன்ஸ் சபையில் இடம் இருந்தது. “குழுத்தலைவர் கையின் மீது குற்றம் சாட்டினார், நான் தலையின் மீது சாட்டுகிறேன். அவர் எழுத்தர் மீது சாட்டினார், நான் நீதிபதி மீது. அவர் மாணவன் மீது, நான் ஆசிரியர் மீது” என்று கானிங்ஸ்பி பேசியது புகழ்பெற்றது. அந்தத் தலையும் நீதிபதியும் ஆசிரியரும் ஆக்ஸ்ஃபர்டு பிரபுதான். இப்போது ‘சாட்டுகிறேன்’ என்பதை எடுத்துவிட்டு, ‘நான் தலையைப் பதவி நீக்கம் செய்கிறேன்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். அவையில் எழுந்து நிற்கும் ஓர் உறுப்பினர், ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரை, தம் வாயால் மட்டும் பதவி நீக்குகிறாராம்!

ஆக்ஸ்ஃபர்டு மீது முதலில் 16 குற்றக்கூறுகளும் பிறகு 6 குற்றக்கூறுகளும் சுமத்தப்பட்டன. தூர்னே நகரைப் பிரான்சுக்குக் கொடுக்க முயன்றார் என்பது அவற்றில் ஒன்று. அதைத் தேசத்துரோகம் என்றே எழுதினார்கள். ஏறத்தாழ இரண்டாண்டுகள் கோபுரச் சிறையில் இருந்தவரை 1717இல் விசாரணைக்குக் கொண்டுவந்தபோது, எந்தக் குற்றத்தை முதலில் எடுப்பது என்று இரு சபைகளும் சண்டையிட்டுக்கொண்டன. வழக்கு நடத்தக் காமன்ஸ் தரப்பில் யாரும் வரவில்லை. பிரபுக்கள் அவரை விடுவித்துவிட்டார்கள். 1701இலும் இதே கதைதான் நடந்தது. ஸ்பெயின் பேரரசைப் பங்கிடும் 1698ஆம் ஆண்டு உடன்படிக்கைக்காக, பேச்சுவார்த்தைக்குச் செல்வோரின் பெயர்களே எழுதப்படாத அதிகாரப் பத்திரத்தில் அரசின் பெருமுத்திரையைப் பதித்துக் கொடுத்தார் என்று சாமர்ஸ் பிரபுவின் மீது குற்றம் சாட்டினார்கள். அவரையும் அரசர் அதற்கு முந்தைய ஆண்டே பதவியிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்.

பதவியே வகிக்காதவர்கள் மீதும் இந்த வழக்கு பாய்ந்திருக்கிறது. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காக 1715இல் கிளர்ந்தெழுந்து பிடிபட்ட பிரபுக்கள் ஏழு பேர் மீது 1716இல் காமன்ஸ் சபை இதே முறையில் குற்றம் சாட்டியது. டெர்வென்ட்வாட்டர், கென்மூர் இருவரும் தலைவெட்டப்பட்டார்கள். நித்ஸ்டேல் பிரபு, மனைவி செய்த ஏற்பாட்டில், தண்டனைக்கு முதல் நாள் இரவு பெண்ணுடை தரித்துச் சிறையிலிருந்து தப்பினார். பதவி நீக்கத்துக்கு அஞ்சி அவர் சேலை கட்டாத குறையாக ஓடினார் என்று எழுதினால் வாசகர் சிரிக்கமாட்டாரா?

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்பதும் விளங்காமலில்லை. இந்திய அரசமைப்பின் 61ஆம் பிரிவு குடியரசுத் தலைவருக்கு மட்டுமே இந்தச் சொல்லை ஆள்கிறது. அங்கே தீர்மானம் நிறைவேறினால் அவர் பதவி இழப்பார். உச்ச நீதிமன்ற நீதிபதிகளைப் பற்றிய 124ஆம் பிரிவு ‘நீக்குதல்’ என்றே பேசுகிறது. ஆங்கிலச் செய்தித்தாள்கள் இரண்டையும் ஒரே சொல்லால் எழுத, நாம் அந்த ஒரு சொல்லின் ஒரு விளைவை மட்டும் பிடித்துக்கொண்டோம். அதனால்தான் 1998இல் கிளின்டன் ‘பதவி நீக்கம்’ செய்யப்பட்டும் 2001 வரை அதிபராகவே இருந்தார் என்ற விந்தையை நாம் கூச்சமில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

‘கண்டனத் தீர்மானம்’ என்பாரும் உளர். கண்டனம் என்பது அவையின் கருத்து. அதற்குச் சாட்சியோ விசாரணையோ தீர்ப்போ தேவையில்லை. இலங்கைத் தமிழ் ஊடகங்களின் ‘குற்றப் பிரேரணை’ இவ்விரண்டைவிடவும் எவ்வளவோ மேல். குற்றம் என்ற கருவை அது விடவில்லை. ஆனால் பிரேரணை என்பது அவையில் முன்வைக்கும் முன்மொழிவு மட்டுமே. வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்து திரும்பிய வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான வழக்கு 1788 முதல் 1795 வரை ஏழாண்டுகள் நடந்தது. அதைப் பிரேரணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான் ‘நாடாளுமன்றக் குற்றச்சாட்டு’ என்றும், வழக்கு நடக்கும் கட்டத்தை ‘நாடாளுமன்றக் குற்ற விசாரணை’ என்றும் எழுதுகிறேன். சுருக்கமாக இருக்கட்டுமே என்று ‘அவைச்சாட்டு’ என ஒன்றை ஆக்கிப் பார்த்ததும் உண்டு. யாழ்ப்பாண நண்பர் ஒருவர், “எங்களூரில் சாட்டு என்றால் நொண்டிச் சாக்கு” என்று சொல்லிச் சிரித்ததும் கைவிட்டுவிட்டேன். புதுச்சொல் ஆக்குவோர் மற்ற வட்டாரத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. தனித்தமிழ் என்ற பெயரில் யாருக்கும் புரியாததை ஆக்குவதைவிட, நாள்தோறும் புழங்கும் இரண்டு சொற்களைச் சேர்த்து எழுதுவதே எனக்கு உவப்பு.

அதே மெய்ப்பில், முதலாம் சார்லஸ் அரசரின் அமைச்சரான ஸ்ட்ராஃபோர்டு பிரபுவும் ‘பதவி நீக்கம் செய்யப்பட்டு’த் தலையிழந்திருந்தார். 1641இல் அவர் மீதான குற்ற விசாரணை நிலைக்காது என்று தெரிந்தவுடன், காமன்ஸ் சபை அதைக் கைவிட்டு, அவர் குற்றவாளி என்று நேரடியாக ஒரு சட்டமே இயற்றிவிட்டது. சட்டமுன்வடிவு 59க்கு எதிராக 204 வாக்குகளில் நிறைவேறியது. மே 12 அன்று தலை உருண்டது. ‘அட்டெய்ன்டர்’ எனப்படும் அந்த முறை உயிர், நிலம், பட்டம், வாரிசுகளின் உரிமை அனைத்தையும் பறித்துவிடும். அதை ‘உரிமைப்பறிப்புச் சட்டம்’ என்று தனியாகக் குறிக்க வேண்டும். பிரான்சுக்கு ஓடிய பாலிங்புரோக்கின் மீது பாய்ந்ததும் அதுவே.

நண்பரின் வாக்கியத்தை இப்படித் திருத்தி அனுப்பினேன்: “யூட்ரெக்ட் உடன்படிக்கை தொடர்பாக ஆக்ஸ்ஃபர்டு பிரபுவின் மீது காமன்ஸ் சபை 1715இல் நாடாளுமன்றக் குற்றச்சாட்டு சுமத்தியது, 1717இல் வழக்கு நடத்த அச்சபையினர் வராததால் பிரபுக்கள் சபை அவரை விடுவித்தது.” ஏற்றுக்கொண்டார். பின்னிணைப்பு அட்டவணையில் மட்டும் சொல் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று மறுநாள் தொலைபேசியில் குறைப்பட்டார். கட்டத்தை அகலமாக்கச் சொன்னேன்.