கண்ணுக்கு மங்கிய பிறகு ரேடியோவில் வளரும் நோவா

1901 பிப்ரவரியில், எடின்பரோவில் தாமஸ் ஆண்டர்சன் பெர்சியஸ் நட்சத்திரக் கூட்டத்தில் புதிதாக ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். இரண்டே நாளில் அது வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரங்களோடு போட்டி போட்டது. சில மாதங்களில் வெறும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அதுதான் நோவா. வெள்ளைக் குறுமீன் (எரிந்து முடிந்து சுருங்கிப்போன நட்சத்திரம்) ஒன்று பக்கத்துத் துணை நட்சத்திரத்திடமிருந்து ஹைட்ரஜனை இழுத்துத் தன் மேல் சேர்த்துக்கொண்டே போகும். அடியில் சூடும் அழுத்தமும் எல்லை மீறும்போது அந்தப் போர்வை வெடித்துப் பறக்கும். நட்சத்திரம் அழியாது.

பறக்கும் ஹைட்ரஜன் சுமார் 10,000 டிகிரி சூட்டில் எலெக்ட்ரானும் புரோட்டானுமாகப் பிரிந்து கிடக்கிறது. புரோட்டானை உரசிப் போகும் எலெக்ட்ரானின் பாதை சற்றே வளைகிறது. வளையும்போது அது ஒரு ரேடியோ அலையை விடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் இதை வைத்தே அந்த வாயுவை எடை போடலாம் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

ஒரு பிடி பஞ்சைக் கையில் வைத்தால் அதன் மேல்பரப்புதான் தெரியும். பிய்த்துப் பரப்பப் பரப்ப அது பெரிதாகும். அப்புறம் ஒரு கட்டத்தில் மறுபக்கம் தெரியும். எவ்வளவு பரப்பிய பிறகு தெரிந்தது என்று பார்த்தால், பஞ்சு எவ்வளவு இருந்தது என்று சொல்லிவிடலாம். நோவாவும் அப்படித்தான். மேகம் விரிய விரிய ரேடியோ ஒளி கூடுகிறது. பிறகு முதலில் குறைந்த அலைநீளத்திலும், அடுத்து நீண்ட அலைநீளத்திலும் அது ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கிறது. அந்த நாட்களையும் விரியும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் எடை கிடைக்கிறது: சில நோவாக்களில் சூரியனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது முப்பது பூமிகளுக்கு மேல்! 1970-ல் ஹெல்மிங், வேட் என்ற வானியலாளர்கள் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ரேடியோ ஆய்வகத்தில் முதன்முதலாக ரேடியோவில் பிடித்த இரண்டு நோவாக்களில் ஒன்று, மூன்று வருடம் முன்பே வெடித்தது.

சரி, பெர்சியஸ் நோவாவுக்கு வருவோம். அதைச் சுற்றிக் குளிர்ந்த, உடையாத ஹைட்ரஜனும் இருக்கிறது. அது 21 செ.மீ. அலையில் பேசும். 1901-க்கு வெகுகாலம் முன்பே அந்த ஜோடி நட்சத்திரம் உதறிய வாயு அது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1901-ல் வெடித்துப் பறந்த வாயு, ஓடு போல விரிந்து, இப்போது அந்தப் பழைய வாயுவில் மோதிக்கொண்டிருக்கிறது. புனே அருகே கோடத்தில் 45 மீட்டர் அகலத் தட்டுகள் முப்பதைக் கொண்ட நம் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியும் அந்த ஓட்டைப் பார்த்திருக்கிறது. தென்மேற்கு ஓரத்தில்தான் அதன் ரேடியோ ஒளி அதிகம். மோதல் அங்கேதான் பலமாக நடக்கிறது.